சானடோரியத்துச் சாப்பாடு: தாம்பரம் தடத்தில் புரதத்தின் வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயில் தடத்தின் இருமருங்கிலும், 20ஆம் நூற்றாண்டில் புரதம் பற்றிய அறிவும் அதைச் சார்ந்த தொழிலும் வைத்தியமும் அடுத்தடுத்து வேர்விட்டன. கிண்டியில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டது. குரோம்பேட்டையில் அதே புரதத்தைப் பதப்படுத்தும் தொழில் ஊருக்கே பெயரைத் தந்தது. தாம்பரம் சானடோரியம் தூய காற்றையும் ஓய்வையும் ஊட்டமான உணவையும் கொண்டு காசநோயாளிகளைத் தேற்ற முயன்றது. காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் ஆடு, மாடு, கோழிகளின் தீவனம் ஆராயப்படுகிறது. நோயுற்ற உடலுக்கு உணவு எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு இந்த நகரமும் அதன் புறநகரும் ஒரு நூற்றாண்டுக்குள் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று உலகெங்கும் தவறாகப் படிக்கப்பட்டது என்பதால் இந்த வரலாறு ஊர் வரலாறு என்ற எல்லையைத் தாண்டுகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பெப்டைடு பிணைப்பு என்னும் இணைப்பால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. மனித உடலின் புரதங்களில் பொதுவாகக் காணப்படும் அமினோ அமிலங்கள் 20. அவற்றுள் 9 அமிலங்களை உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாமையால் உணவிலிருந்தே பெற வேண்டியிருக்கிறது, அவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இல்லாத நைட்ரஜன் புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் இருப்பதால்தான், ஓர் உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தின் அளவைக் கணிக்கும் முறை ஆய்வகங்களில் நிலைத்தது. ஆயினும் எந்த அமிலம் எந்த வரிசையில் நிற்கிறது என்பது மட்டும் புரதத்தின் இயல்பைச் சொல்லிவிடாது. அச்சங்கிலி முப்பரிமாண வெளியில் எவ்வாறு முறுக்கியும் மடிந்தும் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது தசையாகவோ, செரிமானத்தை நடத்தும் நொதியாகவோ, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினாகவோ, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளாகவோ தொழிற்படுகிறது.

இந்த முறுக்கின் ஒரு முக்கிய வடிவம் சென்னையில் வெளிப்பட்டது. 1952இல் கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய அறிவியலர் ஜே. டி. பெர்னாலின் தூண்டுதலால், தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொலாஜன் என்ற புரதத்தை ஆராயத் தொடங்கினார். அருகில் அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு மாதிரிகள் தந்து உதவியது. கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954இலும் 1955இலும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைகளில், கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய வடிவம் கொண்டது என்று காட்டினர். அப்பின்னல் நெருக்கமாக அமைய வேண்டுமானால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் நிற்க வேண்டும். பருத்த அமிலம் ஒன்று அவ்விடத்தில் வந்தால் மூன்று சங்கிலிகளும் நெருங்க இயலாது. 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட, ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்றே இன்று வழங்கும் கணக்கு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதை வரையறுத்தது. உலகின் எந்த ஆய்வகத்தில் புதிய புரத வடிவம் கண்டறியப்பட்டாலும் அது இவ்வரைபடத்தில் சரிபார்க்கப்படுகிறது.

கொலாஜனின் வடிவம் அறியப்படும் முன்பே அதைக் கொண்டு பிழைத்த தொழில் ஒன்று இதே தடத்தில் இருந்தது. பல்லாவரத்தின் தோல் பதனிடும் கூடங்களுக்கு அடுத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை உருவாயிற்று. பச்சைத் தோலைக் குரோமிய உப்புக் கரைசலில் ஊறவைக்கும்போது, குரோமியம் கொலாஜன் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைக் குறுக்காகப் பிணைக்கிறது. அதன் பின் அத்தோல் அழுகுவதில்லை, கொதிநீரில் இட்டாலும் பெரும்பாலும் சுருங்குவதில்லை. அவ்வாறு பிணைக்கப்படாத கொலாஜனோ நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது முறுக்கவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் உதட்டில் பிசுபிசுப்பதற்கும், பாத்திரத்தில் கூழ்போல உறைவதற்கும் அதுவே காரணம்.

நோயிலிருந்து எழுந்தவருக்கு ஆட்டுக்கால் சூப்பு கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் ஆழமானது. அச்சூப்பு உண்மையில் எவ்வளவு ஊட்டம் தருகிறது என்ற கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரம் எழுப்பியது. மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கான உணவுக்கூடங்களிலும் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் சூப்பை இறைச்சிக்கு ஈடாக வழங்கிவந்த நிலையில், பிரெஞ்சு அறிவியல் கழகம் நியமித்த, உடலியலர் மஜான்டி தலைமையிலான குழு, ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் உயிர்தரிக்கவில்லை என்று 1841இல் அறிவித்தது. டிரிப்டோஃபான் என்னும் இன்றியமையா அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை என்பதே இதற்கான முக்கிய காரணம் எனப் பிற்காலம் விளக்கியது. எனவே சென்னையில் வடிவம் கண்டறியப்பட்ட பெருமைக்குரிய அப்புரதம் உணவு என்ற அளவில் குறையுடையது. சோறும் பருப்பும் முட்டையும் உண்பவருக்குச் சூப்பு ஒரு நல்ல துணை, அவற்றுக்கு மாற்றாக அதையே நம்புவோருக்கு அது போதாது.

குறையுடைய இரு புரதங்கள் ஒன்றையொன்று நிறைவுசெய்ய முடியும் என்பதற்கு இப்பகுதியின் அடுப்பங்கரையே சான்று. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு; பருப்பு வகைகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற இட்லி மாவின் அளவை எடுத்துக்கொண்டால், 80 கிராம் அரிசியிலிருந்து ஏறத்தாழ 6.3 கிராம் புரதமும் 20 கிராம் உளுத்தம்பருப்பிலிருந்து ஏறத்தாழ 4.6 கிராம் புரதமும் கிடைக்கின்றன. எடையில் ஐந்தில் ஒரு பங்கேயான உளுந்து, புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தருவதுடன் அரிசியில் குறைந்த லைசினையும் ஈடுகட்டுகிறது. அமினோ அமிலம் என்ற ஒன்று உண்டென்றே அறியாத தலைமுறைகள் இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்துக் காத்துவந்தது வியப்புக்குரியது.

செங்கல்பட்டு வட்டாரம் ஏரிப் பாசன நாடு. ஏரி நிறைந்த ஆண்டில் நெல்லும், நெல் அறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும், மேட்டு நிலத்தில் கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைந்தன; நீர் வற்றும் கோடையில் ஏரியிலேயே விராலும் கெண்டையும் கெளுத்தியும் கிடைத்தன; கடலோரத்திலிருந்து வந்த கருவாடு ஆடி மாதக் கூழுக்குக் குழம்பாயிற்று. உலர்ந்த மீனில் நீர் குறைந்து புரதம் செறிந்திருப்பதால், சிறிதளவு கருவாடே ஏழையின் கூழைச் சீர்செய்யப் போதுமானதாக இருந்தது. ஏரி வறண்ட ஆண்டில் இவை அனைத்தும் ஒருசேரக் குறைந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. அன்றைய உணவின் பன்மையைப் புகழும் பலர் அது எல்லாருக்கும் எல்லா ஆண்டும் கிட்டியதாகக் கருதிக்கொள்கின்றனர்.

அந்தக் கருத்து தவறு என்பதைக் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் கடுமையாகவே காட்டியது. 1920களில் அங்கு பணியாற்றிய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்ச்சியை ஒப்பிட்டபோது, கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடத்திலும், தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை கடைசியிலும் நின்றன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆக்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து 1937இல் வெளியிட்ட 23ஆம் எண் சுகாதார வெளியீடு, எந்தப் பருப்பில், எந்த மீனில் எவ்வளவு புரதம் என்பதை எண்களில் தந்த தொடக்ககால இந்திய நூல்களுள் முதன்மையானது.

இக்காலத்தில்தான் தாம்பரம் சானடோரியம் தோன்றியது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் நடத்திவந்த டாக்டர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தை ஒட்டிய பெருநிலத்தில் 12 படுக்கைகளுடன் தம் மருத்துவமனையைத் தொடங்கினார். 1914இல் கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் அவரும் பயணம் செய்தவர். 1917இல் நோயுற்ற இராமானுஜன் சில காலம் அவருடைய மெண்டிப் சானடோரியத்திலேயே சிகிச்சை பெற்றார். போர்க்காலத் தட்டுப்பாட்டில், கண்டிப்பான சைவ உணவினராகிய இராமானுஜனுக்குப் பருப்பும் அரிசியும் தயிரும் உரிய அளவில் கிட்டாத துன்பத்தை அவருடைய வரலாற்றை எழுதியோர் பதிவுசெய்துள்ளனர். தாம்பரம் மருத்துவமனையை 1937இல் சென்னை அரசு ஏற்றுக்கொண்டது; ரயில் நிலையத்தின் பெயரிலும் பேருந்துப் பலகையிலும் சானடோரியம் என்ற சொல் இன்றளவும் நிற்கிறது.

கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாத அக்காலத்தில் சானடோரியங்கள் நம்பியவை தூய காற்று, நீண்ட ஓய்வு, பாலும் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த உணவு ஆகியவையே. அந்நம்பிக்கைக்கு உடலியல் அடிப்படை உண்டு. எலும்புருக்கி என்று மக்கள் அழைத்த அந்நோயில் தொடர்ந்த காய்ச்சல் உடலின் எரிபொருள் செலவை உயர்த்துகிறது, பசியோ குன்றிவிடுகிறது. மாவுச்சத்தும் கொழுப்பும் போதாதபோது உடல் தன் தசையைச் சிதைத்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை எரிக்கிறது. ஒரு கிராம் புரதம் எரிந்தால் 4 கிலோகலோரி கிடைக்கிறது, அதன் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அதே நேரத்தில் நோயெதிர்ப்புச் செல்களும் எதிர்ப்பொருள்களும் உருவாக அமினோ அமிலங்கள் தேவைப்படுகின்றன; கல்லீரல் உண்டாக்கும் ஆல்புமின் என்னும் இரத்தப் புரதம் குறைவது காலில் நீர் கோத்து வீங்குவதற்கு ஒரு காரணமாகிறது. ஆகவே உண்ட புரதம் எரிந்து போகாமல் உடலைக் கட்டப் பயன்பட வேண்டுமானால் சோறும் எண்ணெயும் போதுமான அளவில் உடன் இருக்க வேண்டும். இந்த இரட்டை நிபந்தனையைப் பலர் இன்றும் மறந்துவிடுகின்றனர்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிடும் வந்தபின் நிலைமை மாறியது. இந்தியாவின் காசநோயாளிகள் அனைவருக்கும் படுக்கை தருவது நினைத்துப் பார்க்கவும் இயலாததாக இருந்தமையால், வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டால் நோய் தீருமா என்பதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய ஆய்வில், நெரிசலான சென்னைக் குடியிருப்புகளைச் சேர்ந்த ஏழை நோயாளிகளுள் ஒரு பாதியினர் வீட்டிலும் மறுபாதியினர் சானடோரியத்திலும், ஒரே மருந்துகளை ஓராண்டு பெற்றனர். 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டிலிருந்தோருள் 86 சதவீதத்தினருக்கும் சானடோரியத்தில் இருந்தோருள் 92 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் உண்டவர்களின் உணவு மிகக் குறைவானது, அவர்கள் உடல் எடையும் சானடோரியத்தாரைவிடக் குறைவாகவே ஏறியது. எனினும் கிருமி மறைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை 1961இல் வெளியான தனிக் கட்டுரையும் உறுதிசெய்தது.

இந்த ஆய்வு மருத்துவ வரலாற்றின் பெரும் சாதனைகளுள் ஒன்று. படுக்கை கிடைக்காமல் இறந்திருக்கக்கூடிய எண்ணற்ற ஏழைகள் வீட்டிலிருந்தே குணமடைய வழிபிறந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் மருந்து சரியாக உட்கொள்ளப்பட்டால் வறிய உணவிலும் கிருமி அழியும் என்பதையே அது நிறுவியது. ஒருவருக்கு நோய் வருவதில் உணவின் பங்கு என்ன, மிக மெலிந்தவர் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் இறப்பது ஏன், குணமானவர் மீண்டும் உழைக்கும் வலிமை பெறுவது எப்போது ஆகியவை அந்த ஆய்வு எழுப்பிய கேள்விகளே அல்ல. இருந்தும் உணவு தேவையில்லை என்ற பொருளில் அது அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது, திட்டங்களில் உணவுக்கு நிதி இல்லாமற்போனது. ஆய்வைச் செய்தவர்களின் பிழை அதில் இல்லை. மலிவான முடிவை விரும்பியவர்கள் அதை அவ்வாறு படித்துக்கொண்டனர்.

அதே ஆண்டுகளில் உலக அரங்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கை கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறும் குவாஷியோர்கர் என்னும் குழந்தை நோயைச் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் விவரித்த பிறகு, ஏழை நாடுகளின் தலையாய குறை புரதமே என்ற கருத்து வலுப்பெற்று, 1968இல் ஐக்கிய நாடுகள் அவை ‘புரத நெருக்கடி’ பற்றி எச்சரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்துப் பல்நோக்கு உணவு என்ற ஒன்றை உருவாக்கியது. 1960இல் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் இறந்ததன் காரணமாகப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு வெளிப்பட்டதும் அத்தகைய முயற்சிகள் தயங்கி நின்றன. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன், குன்னூரிலும் பின்னர் ஹைதராபாத்திலும் செய்த ஆய்வுகளிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளுள் சிலருக்குக் குவாஷியோர்கரும் சிலருக்கு உடல் வற்றிப்போகும் மராஸ்மஸும் வருவதைக் கண்ட அவர், அக்குழந்தைகளுக்கு வயிறு நிறையும் அளவுக்கு அதே சோறும் பருப்பும் கிடைத்தாலே புரதக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று வாதிட்டார். விலை உயர்ந்த புரதப் பொடியைத் தேடி ஓடுவதைவிட முழு வயிற்றுச் சாப்பாட்டை உறுதிசெய்வதே முதல் கடமை என்ற அந்த நிலைப்பாடு 1970களில் உலக அளவில் ஏற்கப்பட்டது. இன்றைய விளம்பரங்களுக்கு நடுவே அதை மீண்டும் நினைவுகூர்வது தேவையாகிறது.

தமிழ்நாட்டின் பள்ளி உணவு இந்த விவாதங்களுக்கு முந்தியது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1950களில் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் விரிந்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக வளர்ந்ததும் பலர் அறிந்தவை. புரதத்தின் நோக்கில் பார்த்தால் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்த முட்டையே பெரிய திருப்பம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. இன்றியமையா அமிலங்கள் ஒன்பதும் உடலுக்கு ஏற்ற விகிதத்தில் அமைந்திருப்பதால் மற்ற உணவுகளின் தரத்தை ஒப்பிட அதுவே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. அம்முட்டைக்குப் பின்னால் நாமக்கல் கோழிப்பண்ணைகளும், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கொண்ட தீவனத் தொழிலும் நிற்கின்றன. காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் ஆராய்வது இந்தத் தீவனக் கணக்கையே. கோழிக்கு லைசினும் மெத்தியோனினும் தீவனத்தில் நேரடியாக வேண்டும். மாட்டுக்கோ அசைபோடும் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள், மனிதருக்குப் பயன்படாத வைக்கோலிலிருந்தும் எளிய நைட்ரஜன் பொருள்களிலிருந்தும் நல்ல புரதத்தை உருவாக்கித் தருகின்றன.

சென்னையின் காசநோய் மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2019இல் தொடங்கிய ஓர் ஆய்வின் மூலம் பழைய கேள்விக்கு மறுபடியும் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தார் 10,345 பேரும் அதில் இடம்பெற்றனர். நோயாளி ஒவ்வொருவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் வழங்கப்பட்டது: அரிசி 5 கிலோ, பொட்டுக்கடலை மாவு போன்ற வறுகடலை மாவு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரைக் கிலோ, அரை லிட்டர் எண்ணெய். நாளொன்றுக்கு இது ஏறத்தாழ 1,200 கிலோகலோரியும் 52 கிராம் புரதமும் தந்தது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு 54 கிராம் என்பதோடு இதை ஒப்பிட்டால் அவ்வுணவுப் பொருளின் பெறுமதி விளங்கும். குடும்பத்தாருள் ஒரு பிரிவினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கிடைத்தன. அனுராக் பார்கவா முதலியோர் 2023இல் லான்செட் இதழ்களில் வெளியிட்ட முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுள் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்கப்படாதிருந்த கேள்விக்கு அரிசியும் பருப்பும் விடை சொல்லின.

இதற்கு ஓராண்டு முன்பே, 2022இல், தமிழ்நாடு அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. புதிதாக நோய் கண்டறியப்படும் ஒவ்வொருவரையும் நிறுத்தி எடையும் உயரமும் அளந்து, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்ப்பதே அதன் முதல் வேலை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், 16 அல்லது அதற்குக் கீழே இருந்து கால் வீங்கியிருந்தாலும், அது கடும் ஊட்டக்குறை என்று கொள்ளப்பட்டு நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மத்திய அரசு 2018 முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது.